முகத்தில் அடிபட்டால்: முதல் நாள் தையலிலிருந்து தழும்பு மங்கும் வரை

பைக்கில் சறுக்கி விழுந்தவர்களுக்கு முகத்தில் காயம் படும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: புருவ மேடு, கன்ன எலும்பு, மேலுதடு, முகவாய். எங்கெல்லாம் எலும்பு மேடாக நிற்கிறதோ அந்த இடம்தான் தரையில் முதலில் உரசும். முகத்தை மூடாத பாதி ஹெல்மெட் போட்டவர்களுக்கு முகவாய் கிழிவது சர்வ சாதாரணம். அப்படிப்பட்ட காயங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படியில் தடுக்கி விழுந்தது, கண்ணாடி கிழித்தது, பந்து பட்டுப் பிளந்தது ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தீக்காயமும் ஆசிட் காயமும் வேறு வகை. அவற்றுக்கு முதல் வேலை ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுவது, அடுத்த வேலை தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போவது. சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை.

தழும்பு எப்படி அமையும் என்பதில் பெரும்பங்கு முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அடுத்த பங்கு, அதற்குப் பின் வரும் மூன்று நான்கு மாதப் பராமரிப்பில் இருக்கிறது. அது சலிப்பான வேலை. லேசரும் ஆபரேஷனும் கடைசியில் மிச்சம் இருப்பதைச் சரிசெய்ய மட்டுமே. நம் ஊரில் பணமும் அக்கறையும் செலவாவது தலைகீழ் வரிசையில். முதல் நாள் கிடைத்த இடத்தில் தைத்துவிட்டு வந்து, ஆறு மாதம் கழித்து ஆயிரக்கணக்கில் கிரீம் வாங்குகிறார்கள்.

முதல் சில மணி நேரம்

முகக் காயத்தில் ரத்தம் கொட்டும். பார்க்கப் பயமாக இருக்கும். முகத்தில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருப்பதால்தான் அப்படி. முகக் காயம் கைகால் காயத்தைவிட வேகமாக ஆறுவதும், எளிதில் சீழ் பிடிக்காததும் அதே குழாய்களால்தான். சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்தது மறுபடி கிளம்பும்.

இந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் யாராவது காபித்தூளோ மஞ்சள்தூளோ கொண்டுவந்து நிற்பார்கள். "தம்பி, அப்புனா உடனே நின்னுடும்பா" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் வேண்டாம். அந்தத் தூளை ஒவ்வொரு துகளாக டாக்டர் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். எடுக்காமல் விட்டது தோலுக்குள் தங்கும். சுண்ணாம்பு, பேனா மை எல்லாம் அதே ரகம். குடிக்கிற தண்ணீரைக் காயத்தின் மேல் ஓடவிட்டுக் கழுவினால் போதும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவதும், நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவதும் கிருமியோடு சேர்த்து, காயத்தை மூட வரும் புதுச் செல்களையும் சிதைக்கும்.

மயக்கம், வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிவது, பல்வரிசை சேராமல் போவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் தலைக்கு ஸ்கேன்தான் முதலில். தழும்புக் கவலை அப்புறம்.

அது இல்லையென்றால், தைப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. புருவத்தைத் தூக்குங்கள், கண்ணை இறுக மூடுங்கள், பல் தெரியச் சிரியுங்கள், உதட்டைக் குவியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைய வேண்டும். ஒரு பக்கம் தொய்ந்தால் முக நரம்பு அறுபட்டிருக்கலாம். அதை முதல் மூன்று நாளுக்குள் கண்டுபிடித்தால் நரம்பின் முனைகளைத் தேடி இணைப்பது எளிது. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு இந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை, அதனால் ஊசிக்கு முன்பே செய்துவிட வேண்டும். டியூட்டி டாக்டர் அவசரத்தில் இருந்தால் நீங்களே கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

யார் தைப்பது, எப்போது தைப்பது

எல்லாக் காயத்துக்கும் பிளாஸ்டிக் சர்ஜன் தேவையில்லை. நெற்றியில் நேராக, கூர்மையாக வெட்டிய காயத்தை எந்த நல்ல டாக்டரும் தைக்கலாம். ஆனால் சில இடங்களில் கேட்டு வாங்குவதில் தப்பில்லை. உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் கோட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும், எதிரே உட்கார்ந்து பேசுபவர் கண்ணுக்கு அது தெரியும். இமையின் விளிம்பு, கண்ணின் உள்மூலை (கண்ணீர்க் குழாய் அங்கேதான் போகிறது), காது மூக்குக் குருத்தெலும்பு, கன்னத்தில் ஆழமான வெட்டு ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும். புருவத்தில் வெட்டு என்றால் புருவத்தை மழிக்க விடாதீர்கள். முடி இருந்தால்தான் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் சரியாகப் பொருத்த முடியும்.

ஆறு மணி நேரத்துக்குள் தைத்தே ஆக வேண்டும் என்ற பேச்சு உண்டு. முகத்துக்கு அது அவ்வளவு கறார் இல்லை. காயம் நன்றாகக் கழுவப்பட்டு, ஈரத் துணிக்கட்டால் மூடி வைக்கப்பட்டிருந்தால் 24 மணி நேரம் வரைகூடத் தைக்கலாம். இரவு பதினொரு மணிக்கு அவசரமாக யாரோ தைப்பதைவிட, காலையில் கைப்பழக்கம் உள்ளவர் தைப்பது பல நேரங்களில் நல்லது. எதற்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டே காத்திருங்கள்.

சாலைக் காயத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது கழுவுவதைத்தான். தார்ச் சாலையில் உரசிய கன்னத்தில் கருப்புப் புள்ளிகளாக மண்ணும் தார்த்துகளும் ஏறியிருக்கும். அவற்றை அப்படியே விட்டு மேலே தோல் மூடிக்கொண்டால், பச்சை குத்தியது போல நீலக் கருப்புக் கறை நிரந்தரமாக நின்றுவிடும். பிறகு அதை எடுக்க லேசர்தான் வழி, அதுவும் பல தடவை. அதனால் முதல் நாளிலேயே இடத்தை மரத்துப்போகச் செய்து, சலைன் ஊற்றி, மென்மையான பிரஷ்ஷாலோ காஸ் துணியாலோ தேய்த்து, ஒட்டியிருக்கும் பெரிய கல்லை இடுக்கியால் எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குப் பார்க்கவே முடியாத வேலை. "பாவம், வலிக்குது, விட்டுடுங்க டாக்டர்" என்று சொல்லிவிடாதீர்கள். முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, கருப்பு எதுவும் மிச்சம் இல்லையே என்று கேளுங்கள்.

டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதைச் சொல்லுங்கள். மண் பட்ட காயத்துக்கு, போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். நாய் கடித்த காயம் என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். முகத்தில் தோல் கிழிந்த கடி எல்லாமே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஆபத்துக் கணக்கில் மூன்றாம் வகை, அதாவது மிக ஆபத்தானது. ரேபிஸ் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்திய பிறகுதான் தையலைப் பற்றிப் பேச வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து நடந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். விபத்துப் பதிவு, அதாவது ஏ.ஆர். எழுதுவார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

தையல் இருக்கும் வாரம்

முகத்துக்கு 5-0 அல்லது 6-0 நூல் போடுவார்கள். எண் ஏற ஏற நூல் மெல்லியது. ஐந்திலிருந்து ஏழு நாளில் பிரித்துவிட வேண்டும், இமையில் இன்னும் சீக்கிரம். இதைத் தள்ளிப்போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பிரிந்துவிடுமோ என்ற பயத்தில், இல்லாவிட்டால் ஊருக்குப் போய்விட்டதால், பத்துப் பன்னிரண்டு நாள் விட்டுவிடுவார்கள். நூல் அழுத்திய ஒவ்வொரு இடத்திலும் புள்ளியும் குறுக்குக் கோடும் விழுந்து, தழும்பு தண்டவாளம் போல ஆகிவிடும். நடுக்கோடு மங்கினாலும் அந்தக் குறுக்குக் கட்டைகள் மங்காது.

"காற்றாட விடு, காயட்டும்" என்பது நம் வீடுகளில் சட்டம் மாதிரி. 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் செய்த ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. ஈரம் போகாமல் மூடிவைத்த காயத்தில், காயவிட்ட காயத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் மூடியது. காரணம் எளிமையானது. பொருக்கு தட்டிவிட்டால் புதுச் செல்கள் அதன் அடியில் ஈரத்தைத் தேடிக் கீழே குடைந்து போக வேண்டும். ஈரம் இருந்தால் மேலாகவே நகர்ந்து சேர்ந்துவிடும்.

செய்முறை: முதல் நாள் கட்டைத் தொட வேண்டாம். அதற்குப் பிறகு, டாக்டர் வேறு எதுவும் சொல்லாதவரை, காலை மாலை கையைச் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரிலோ சலைனிலோ பட்ஸை நனைத்து, தையல் கோட்டின் மேல் உருட்டுங்கள். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். காய்ந்த ரத்தம் ஊறி பட்ஸில் ஒட்டி வந்துவிடும். வராததைப் பிய்க்காமல் அடுத்த வேளைக்கு விடுங்கள். ஒற்றி எடுத்துவிட்டு மெல்லிய படலமாக பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். சுத்தமான காயத்துக்கு ஆன்டிபயாடிக் களிம்புதான் வேண்டும் என்று இல்லை. நியோமைசின் கலந்தவை சிலருக்கு அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் மஞ்சள் நிற ஆன்டிபயாடிக் பவுடர் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சிக் கட்டி தட்டி, பொருக்கைத்தான் வளர்க்கும். ஒரு விதிவிலக்கு: நூலுக்குப் பதில் பசை போட்டு ஒட்டியிருந்தால் ஜெல்லி தடவக் கூடாது. பசை இளகிவிடும்.

தையல் போடாத சிராய்ப்புக்கும் இதே ஜெல்லிதான், கூடவே ஒட்டாத வகைக் கட்டு. மேலோட்டமான சிராய்ப்பு பத்து நாளுக்குள் மூடிவிடும்.

வலி குறைந்துவந்து மறுபடி கூடினால், சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் உடனே டாக்டரிடம் போங்கள். சீழ் பிடித்த காயம் அகலமான தழும்பாகத்தான் முடியும்.

சாப்பாடு. தையல் போட்டால் மீன் ஆகாது, முட்டை ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று பத்தியம் வைப்பார்கள். காயம் மூடத் தேவையே புரதமும் வைட்டமின் சியும்தான். உங்களுக்கு ஒவ்வாமை இல்லாதவரை மீனும் முட்டையும் பருப்பும் நெல்லிக்காயும் தாராளமாகச் சாப்பிடலாம். விட வேண்டியது சிகரெட்டை. சர்க்கரை நோய் இருந்தால் இந்த வாரங்களில் அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும்.

தையல் பிரித்த பிறகு

பிரித்துவிட்டார்கள், கோடு மெல்லியதாக, அழகாக இருக்கிறது. இங்கேதான் பெரும்பாலானோர் கை கழுவிவிடுகிறார்கள். அந்த ஒரு வார வயதில் காயத்துக்கு, பழைய தோலின் வலுவில் நூற்றுக்குச் சில பங்குதான் வந்திருக்கும். மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரை ஏறலாம், அதற்கு மேல் ஏறாது. அதுவரை சிரிப்பதும் மெல்லுவதும் அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுபட்ட தழும்பு அகலமாகும், தடிக்கும்.

அதனால் முதல் வேலை டேப். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பைக் காயத்தின் நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கத் தோலையும் லேசாகச் சேர்த்துப் பிடித்து ஒட்டுங்கள். தானாக உரிந்து வரும்வரை விட்டு, மறுபடி ஒட்டுங்கள். சில வாரங்களாவது இதைச் செய்யலாம். எடுக்கும்போது காயத்தின் இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி உரிக்க வேண்டும். ஆண்கள் ரேசரைத் தழும்பின் மேல் சில வாரம் ஓட்டாமல், டிரிம்மரால் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது சிலிக்கான். தழும்புக்கு மருந்துக்கடையில் விற்கும் பொருள்களில் நம்பத் தகுந்த ஆதாரம் உள்ளது இது ஒன்றுக்குத்தான் என்பேன். காயம் முழுதாக மூடி, ஈரமோ பொருக்கோ இல்லாத பிறகு தொடங்க வேண்டும். ஒட்டும் தாளாகவும் ஜெல்லாகவும் வருகிறது. தாளை நாளில் குறைந்தது 12 மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும். நம் ஊர் மே மாத வியர்வையில் முகத்தில் அது நிற்காது, அடியில் வேர்க்குருவும் வரும். பகலில் ஜெல், இரவில் தாள் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஜெல்லை மிளகளவு எடுத்து மெல்லப் பரப்பி, நான்கைந்து நிமிடம் காயவிடுங்கள். பிசுபிசுத்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள், துடைத்துவிடலாம். இரண்டு வேளை, குறைந்தது மூன்று மாதம்.

ஜெல் காய்ந்த பிறகு அதன் மேல் சன்ஸ்கிரீன். நம் நிறத் தோலுக்குத் தழும்பின் மேட்டைவிட அது கறுப்பதுதான் பெரிய தொல்லை. புதுத் தழும்பில் வெயில் பட்டால் கருமை ஏறும், இறங்க மாதக் கணக்காகும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததாக வாங்குங்கள். முடிந்தால் தோல் நிறச் சாயம் உள்ள, இரும்பு ஆக்சைடு கலந்த வகை. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருமையைக் கூட்டும்; சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். குடையும் தொப்பியும் இதைவிட மலிவு.

தையல் பிரித்து இரண்டு மூன்று வாரம் கழித்து மசாஜ். விரல் நுனியில் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தொட்டு, தழும்பின் மேல் அழுத்தி, வட்டமாகவும் நீளவாக்கிலும் குறுக்கிலும் நகர்த்துங்கள். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோல் விரலோடு சேர்ந்து நகர வேண்டும். உங்கள் நகம் லேசாக வெளுக்கும் அளவு அழுத்தம் போதும். ஐந்து நிமிடம், இரண்டு மூன்று வேளை. சிவந்து வீங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டாம் மாதப் பீதி

முதல் வாரம் நூல் போல இருந்த தழும்பு, ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை சிவந்து, தடித்து, அரித்து, இறுகும். பார்க்கவே சகிக்காது. இது பெரும்பாலும் இயல்பானது. உடம்பு அவசர அவசரமாகப் போட்ட கொலாஜன் (தோலுக்கு வலு தரும் புரத இழை) அங்கே குவிந்திருக்கிறது. பிறகு அதைப் பிரித்து ஒழுங்காக அடுக்க ஒரு வருடம், சில நேரம் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும் இந்தச் சிவப்பும் தடிப்பும் இன்னும் அதிகமாக, நீண்ட நாள் இருக்கும்.

தெரியாதவர்கள் சரியாக இந்தக் கட்டத்தில்தான் கண்டதையும் தடவுகிறார்கள். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் பொசுக்கும். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தேய்ப்பதால் தழும்பு குறைவதாக நிரூபணம் இல்லை; 1999-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் தேய்த்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. எல்லாவற்றையும்விட ஆபத்து, 'வெள்ளையாக்கும்' கிரீம் என்று கையில் திணிக்கப்படும் ஸ்டீராய்டு கலவைகள். முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு வெடித்து, விட்டால் எரியும் என்ற நிலைக்குக் கொண்டுபோய்விடும். இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். கவுண்டரில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

தினமும் கண்ணாடி பார்த்து எடை போடுவதற்குப் பதில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே ஜன்னல் பக்கம், அதே தூரத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். முன்னேற்றம் இருந்தால் அதில் தெரியும். இல்லாவிட்டாலும் டாக்டருக்கு அது உதவும். கல்யாணம், இன்டர்வியூ என்று அவசரம் இருந்தால், காயம் மூடிய பிறகு கன்சீலர் போடுவதில் தவறில்லை. சிவப்பை மறைக்கப் பச்சைச் சாயம் கலந்தது, கருமைக்கு ஆரஞ்சு கலந்தது. (பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமாக ஒரு தழும்பைத் தேடி எழுதிக்கொண்ட ஊர் நம்முடையது. ஆனாலும் முகத்தில் ஒன்று வந்துவிட்டால் பார்க்கிற ஒவ்வொருவரும் "என்னாச்சு?" என்று கேட்காமல் விடுவதில்லை.)

காத்திருக்கக் கூடாத சில

தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்குப் படர்ந்தால் அது கெலாய்டு. எல்லைக்குள் மட்டும் மேடாக இருந்தால் சாதாரணத் தடிப்பு. அது காலப்போக்கில் தணியலாம், கெலாய்டு தணியாது. முகத்தின் நடுவில் கெலாய்டு அரிது. தாடை ஓரமும் காது மடலும் அதற்குப் பிடித்த இடங்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முதல் மாதத்திலேயே தோல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் தழும்புக்குள்ளேயே போடுவார்கள். அளவு மிஞ்சினால் அந்த இடம் குழியும், வெளுக்கும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் பழைய போட்டோவைக் காட்டுங்கள். கெலாய்டை வெறுமனே வெட்டி எடுப்பது வீண் வேலை. கூடுதல் சிகிச்சை இல்லாமல் வெட்டினால் பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும்.

தழும்பு இமையைக் கீழே இழுத்துக் கண் மூடாமல் போனாலோ, வாய் திறப்பதைத் தடுத்தாலோ அதற்கும் காத்திருப்பு கிடையாது. கண் காய்ந்தால் பார்வைக்கே ஆபத்து.

லேசரும் கத்தியும்

மிச்சச் சிவப்புக்கு பல்ஸ்டு டை லேசர், மேடுபள்ளத்துக்கு ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் அல்லது நுண்ணூசிச் சிகிச்சை, உள்ளே தங்கிய தார்ப்புள்ளிக்கு க்யூ-ஸ்விட்ச்டு லேசர். அடியில் ஒட்டிக் குழிந்திருந்தால் ஊசியால் ஒட்டை விடுவித்துவிட்டு, தேவைப்பட்டால் கொழுப்போ ஃபில்லரோ நிரப்புவார்கள். எதுவும் ஒரே தடவையில் முடியாது, எதுவும் தழும்பை முழுதாக அழிக்காது. 'தடம் தெரியாமல் போக்குகிறோம்' என்று போர்டு வைத்த இடத்துக்குள் நுழையாதீர்கள். நம் நிறத்துக்கு லேசரே கருமையைக் கிளப்பிவிடக்கூடும். காதுக்கு முன்னால் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா, என் நிறத்தவர்களின் முன்-பின் படங்கள் உள்ளனவா என்று கேளுங்கள். பார்லரில் உருளை ஊசி வைத்து உருட்டுவதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஆபரேஷன் என்றால் பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் கழித்து. தழும்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் அங்கே முக்கியம். 1861-இல் வியன்னாவின் கார்ல் லாங்கர் பிணங்களின் தோலில் வட்டமான துளைகள் போட்டுப் பார்த்தார். வட்டங்கள் நீள்வட்டமாக இழுபட்டன, இடத்துக்கு இடம் வேறு திசையில். தோலுக்கு உள்ளேயே ஓர் இழுவை இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. முகத்தில் அந்தத் திசையைப் பெரும்பாலும் சுருக்கக் கோடுகளே காட்டிவிடும். நெற்றியில் குறுக்காக விழுந்த வெட்டு சுருக்கத்தில் ஒளிந்துகொள்ளும், நெடுக்காக விழுந்தது காட்டிக்கொடுக்கும்.

அப்படிக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் தழும்பை இசட் வடிவில் வெட்டி, இரண்டு முக்கோணத் தோலையும் இடம் மாற்றித் தைப்பார்கள். 60 பாகைக் கோணத்தில் வெட்டினால் கணக்குப்படி தழும்பின் நீளம் 75 சதவீதம் கூடும், இறுக்கம் தளரும், திசையும் திரும்பும். நீளமான நேர்க்கோட்டை டபிள்யூ போல முறித்துத் தைப்பது இன்னொரு வழி. கோடு கூடுவது போலத் தோன்றினாலும், நேர்க்கோட்டைத் தொடரும் கண் முறிந்த கோட்டைத் தவறவிட்டுவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேசர், ஆபரேஷன் எதற்கும் முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும்.

காப்பீட்டுக் கம்பெனி இதை 'அழகுச் சிகிச்சை' என்று சொல்லித் தள்ளிவிடப் பார்க்கலாம். இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கான பொதுவான விலக்கு விதியிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு விதிவிலக்கு இருக்கிறது. விபத்துப் பதிவின் நகல், முதல் நாள் போட்டோக்கள், இது விபத்தால் வந்த குறையைச் சரிசெய்யும் சிகிச்சை என்று சர்ஜன் எழுதிக் கொடுக்கும் கடிதம் — மூன்றையும் இணைத்து, ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே முன் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.